கைக்கு அளவெடுத்த வில்

ஈரோட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டபோது இரவு ஒன்பதரை இருக்கும். அவர் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளி மைதானத்தில் வில்வித்தை சொல்லித் தருகிறார்கள். மூன்று மாதமாக மூங்கில் வில்லில் பழகியவள் இப்போது வேறு வில் கேட்கிறாளாம்.

"என்னமோ காம்பவுண்ட் வில்லுங்கறா. காம்பவுண்டுன்னா செவுருதானடா?"

விலைகூட விசாரித்துவிட்டார். யாரோ பழைய அமெரிக்க வில் ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். "எழுபது பவுண்டு, முப்பது இஞ்சு, வேகம் முந்நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்குது. வளர்ற புள்ளதான, கொஞ்சம் பெருசாவே எடுத்துட்டா நாலஞ்சு வருசத்துக்குக் காணும்."

எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் வாங்கினார்கள். அண்ணன் ஒன்பதாவதில் போட்ட சட்டையைத்தான் நான் ஏழாவதில் போட்டேன். கால்சட்டை இடுப்பில் நிற்காது, அரைஞாண்கயிறுதான் தாங்கும். செருப்பு முனையில் துணி அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். ஆனால் வில்லில் துணி அடைக்க இடமில்லை. "வேண்டாம்ணா" என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது.

அண்ணன் கேட்டது முழுக்கத் தப்பில்லை. காம்பவுண்ட் வில்லுக்குள்ளும் ஒரு சுவர் இருக்கிறது. அந்த விளையாட்டில் இருப்பவர்கள் அதைச் சுவர் என்றேதான் சொல்கிறார்கள். மூங்கில் வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும், கடைசி அங்குலம்தான் மிகக் கனம். காம்பவுண்ட் வில் அப்படியல்ல. ஆரம்பத்திலேயே விறுவிறுவென்று கனம் ஏறும், கொஞ்ச தூரம் அதே கனத்தில் ஓடும், பிறகு மேட்டிலிருந்து இறங்குவதுபோல் சட்டென்று குறைந்துவிடும். அந்த இறக்கத்துக்குப் பெயர் பள்ளம். பள்ளத்தின் கடைசியில் நாண் இனி ஒரு நூல்கூட வராது என்று நிற்கும் இடம்தான் சுவர். 70 பவுண்டு வில் என்றால் மேட்டில் ஏறத்தாழ 32 கிலோவை இழுக்கிறீர்கள். 80 சதவீதம் கனம் குறையும்படி செய்த வில்லானால், சுவரைத் தொட்டு நிற்கும்போது கையில் இருப்பது ஆறரைக் கிலோவுக்கும் குறைவு. இந்தக் குறைவை லெட்-ஆஃப் என்கிறார்கள். இன்றைய வில்களில் அது 65 முதல் 90 சதவீதம்வரை இருக்கிறது.

சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பது வில்லிலேயே தீர்மானமாகிவிடும். 24 அங்குலம் மட்டுமே இழுக்க முடிகிற பெண்ணிடம் 30 அங்குலத்தில் சுவர் வைத்த வில்லைக் கொடுத்தால் அவள் மேட்டிலேயே மாட்டிக்கொள்வாள், பள்ளத்துக்கு இறங்கவே மாட்டாள். முழுக் கனத்தையும் ஏந்திக்கொண்டு குறி பார்க்க வேண்டியதுதான். இந்த வில் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அது அவளுக்குக் கிடைக்காமலே போகும்.

கண்டுபிடித்தவர் ஹோலஸ் வில்பர் ஆலன், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்காரர். சாதாரண வில் ஒன்றின் இரு முனைகளையும் அறுத்தெறிந்துவிட்டு, அங்கே கப்பிகளைப் பொருத்திப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது. டாம் ஜென்னிங்ஸ் என்ற வில் செய்பவர் அவரோடு சேர்ந்துகொண்ட பிறகுதான் அது கடைக்கு வந்தது. பல ஆயிரம் வருடப் பழைமையுள்ள ஒரு கருவியை, அறுப்பு ரம்பமும் கப்பியும் வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றியமைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்தக் கப்பியில்தான் சூட்சுமம். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற கப்பிக்கு அச்சு நட்டநடுவில் இருக்கும். அதனால் குடத்தின் கனம் அடியிலிருந்து மேல்வரை ஒரே மாதிரி. ஆலனின் கப்பிக்கு அச்சு ஓரமாக இருந்தது, கோணல் கப்பி. இன்று அதைக் கேம் என்கிறார்கள். வட்டமாகக்கூட இருக்காது, மாங்கொட்டை போலவோ அவரை விதை போலவோ இருக்கும். அதன் விளிம்பில் இரண்டு தடங்கள். ஒன்றில் நாண் சுற்றியிருக்கும், இன்னொன்றில் எதிர்முனைக்குப் போகும் கேபிள் சுற்றியிருக்கும். நாணை இழுத்தால் கேம் உருளும், நாண் அவிழும், கேபிள் சுற்றிக்கொள்ளும், கேபிள் வில்லின் கைகளை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் நீளும் இரண்டு பட்டைகளையும், வளைக்கும்.

கடப்பாரையால் பாறையை நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாறைக்குப் பக்கம் குட்டை, கைக்குப் பக்கம் நீளம் என்றால் வேலை சுலபம். கேமிலும் அதே கணக்குதான். அச்சிலிருந்து நாண் எவ்வளவு தூரம், கேபிள் எவ்வளவு தூரம் என்பது உருள உருள மாறிக்கொண்டே வரும். முதலில் நாண் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் கைக்குக் கனம். கடைசியில் நாண் அச்சைவிட்டுத் தள்ளிப் போயிருக்கும், கேபிளோ அச்சை ஒட்டி வந்திருக்கும். வில்லின் கைகள் அப்போதுதான் அதிகம் வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் கடப்பாரையின் நீளமான பக்கம் இப்போது உங்களிடம் இருப்பதால், ஒரு பள்ளிக்கூடப் பையைத் தூக்குகிற பலம் போதும்.

கனத்தைக் குறைப்பது மட்டும்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். இழுக்கும் தூரத்தைக் கிடைக்கோட்டிலும் விசையை நெடுக்கிலும் வைத்து வரைபடம் போட்டால், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வில்லில் சேர்ந்த ஆற்றல். 50 பவுண்டு மர வில்லுக்கு அந்தக் கோடு ஏறக்குறைய ஒரு சாய்கோடு, கீழே இருப்பது முக்கோணம். அரை மீட்டர் இழுத்தால் சுமார் 55 ஜூல். அதே 50 பவுண்டு காம்பவுண்ட் வில்லின் கோடு நேராக மேலே ஏறி, தட்டையாக ஓடி, கடைசியில் இறங்கும். முக்கோணம் கிட்டத்தட்டப் பெட்டியாகிவிடுகிறது. பள்ளத்தில் கொஞ்சம் பரப்பு போனாலும் 80 ஜூலுக்கு மேல் தேறும். அதே தோள், அதே உழைப்பு, ஆற்றல் மட்டும் ஒன்றரை மடங்கு.

இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் தோள் தெரிந்துகொண்டது. பல வருடங்களுக்கு முன் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வேலை பார்த்தேன். ஆலனின் ஊரான பில்லிங்ஸ் அங்கிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணம். உடன் வேலை பார்த்த ஒருவர், வேட்டைக்காரர், ஒரு சனிக்கிழமை என்னை வில் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் பெரியவர், வெள்ளைத் தாடி. என் கையில் உடனே வில்லைக் கொடுக்கவில்லை. கைகள் இரண்டையும் விரித்துச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார், டேப் வைத்து அளந்தார். நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை 68 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தார். "இருபத்தேழு" என்றார். தையற்காரர் தோற்றார்.

அடுத்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கச் சொன்னார். அந்த நிலையில் வில்லை நேராக முன்னால் நீட்டி, மேலே தூக்காமல், கோணாமல் இழுக்க வேண்டும். 60 பவுண்டில் நாற்காலியோடு சேர்ந்து நானும் முறுக்கிக்கொண்டேன். 50-இல் வந்தது. கால் தரையில் ஊன்றியிருந்தால் இடுப்பும் முதுகும் திருட்டுத்தனமாக உதவிக்கு வந்துவிடும். காலைத் தூக்கிவிட்டால் தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் தசை மட்டும்தான் மிஞ்சும், அது பொய் சொல்லாது. வில்லை வானத்துக்குத் தூக்கி இழுத்து இறக்குகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் பத்துப் பவுண்டு அதிகமாக வாங்கியவர்கள் என்றார் தாடிக்காரர். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அவர் சொன்னது சரிதான்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கூச்சம். நாணை விரலால் இழுப்பதில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி உண்டு, ரிலீஸ் என்பார்கள், துப்பாக்கி மாதிரி அதற்கு ஒரு ட்ரிகர். அம்பு வைக்காமல் இழுத்துப் பார்க்கக் கொடுத்தார். "இழு, நில், அப்படியே திரும்பக் கொண்டுவா. ட்ரிகரில் விரல் வைக்காதே" என்று இரண்டு தடவை சொன்னார். இழுத்தேன். பள்ளத்தில் இறங்கியதும் ஏற்பட்ட ஆச்சரியத்தில் சிரித்துவிட்டேன். விரல் பட்டுவிட்டது. டப்பென்று கல்வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். கண் திறந்து பார்த்தால் நாண் கேமை விட்டுக் கழன்று தொங்குகிறது, கேபிள் சுருண்டு கிடக்கிறது, வில்லின் ஒரு கையில் நீளவாக்கில் மயிரிழை விரிசல். கடை முழுக்க நிசப்தம். தாடிக்காரர் என் முகத்தையும் முழங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, காயமில்லை என்று தெரிந்த பிறகுதான் வில்லைப் பார்த்தார். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் கடைக்கே போனது.

வில்லில் அடைத்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அம்பு இருந்தால் பெரும்பகுதியை அது தூக்கிக்கொண்டு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் நாணும் கேமும் கைகளும் ஒன்றோடொன்று மோதி அதைத் தின்ன வேண்டும். அம்பு இருக்கும்போதும் வில்லின் பாகங்களை அசைப்பதில் ஒரு பங்கு செலவாகத்தான் செய்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் இதற்கு அழகான கணக்கு ஒன்று சொன்னார்: நாண் முதலியவை எல்லாம் சேர்ந்து, அம்போடு ஒட்டிக்கொண்டு போகிற கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறை என்று வைத்துக்கொள். ஒரு வில்லுக்கு அது 5 கிராம் என்றால், 22.7 கிராம் அம்புக்கு ஆற்றலில் 82 சதவீதம் போய்ச்சேரும். 32 கிராம் அம்புக்கு 86 சதவீதத்துக்கு மேல். கனமான அம்பு மெதுவாகப் போகும், ஆனால் அதிகம் வாங்கிக்கொண்டு போகும், வில்லும் சத்தம் குறைவாகப் போடும். அம்பு லேசாக ஆக ஆக, நான் கடையில் செய்த காரியத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இப்போது அண்ணன் சொன்ன 340-க்கு வரலாம். அது வினாடிக்கு 340 அடி, அதாவது 104 மீட்டர். மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் எய்தபோது கிடைத்த வேகம் என்று கேட்க வேண்டும். தொழில்துறையில் இதற்கென்று ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள்: 70 பவுண்டு விசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு. கிரெய்ன் என்பது நம் குன்றிமணி மாதிரி தானிய மணியிலிருந்து வந்த எடை. 350 கிரெய்ன் 22.7 கிராம், மூன்று பவுன் தங்கத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பவுண்டு விசைக்கு 5 கிரெய்னுக்குக் குறைந்த அம்பை வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. 70 பவுண்டுக்கு 350, அதாவது வில் உடையாமல் எய்யக்கூடிய மிக லேசான அம்பை வைத்துத்தான் அந்த வேகத்தை எடுக்கிறார்கள்.

30 அங்குல இழுப்பு யாருக்கு வரும்? தாடிக்காரரின் கணக்கைத் திருப்பிப் போட்டால் 75 அங்குலம் கை விரிப்பு. உயரமும் கை விரிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், ஆறேகால் அடி ஆள். அட்டைப் பெட்டியில் அச்சடித்த வேகம் அந்த ஆறேகால் அடிக்காரருடையது.

நம் ஆள் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் வேகத்தில் சுமார் 10 அடி குறையும், விசை ஒரு பவுண்டு குறைந்தால் சுமார் 2 அடி, அம்பு மூன்று கிரெய்ன் கூடினால் ஓர் அடி என்பது கடைக்காரர்களின் வாய்ப்பாடு. 27 அங்குலம், 60 பவுண்டு, 420 கிரெய்ன் அம்பு என்று போட்டுப் பாருங்கள். 30 போச்சு, 20 போச்சு, 23 போச்சு. மிச்சம் 267 அடி, 81 மீட்டர். இதே உதாரணத்தை ஆற்றல் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன், 81 தான் வந்தது. குறி பார்க்க நாணில் செருகும் பீப் என்ற துளையும், ரிலீஸ் மாட்டும் சிறு வளையமும் சேர்ந்தால் இன்னும் சில அடி போகும்.

சரி, குறைந்தால் என்ன குடி மூழ்கிவிடும்? இங்கேதான் வேட்டையும் போட்டியும் பிரிகின்றன. 81 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 40 மீட்டர் தூரத்தைக் கடக்க அரை வினாடி எடுக்கும், அதற்குள் புவியீர்ப்பு அதை 1.2 மீட்டர் கீழே இழுத்துவிடும். அதற்கேற்ப மேலே தூக்கிக் குறி வைக்கத்தான் வில்லில் மாட்டும் சைட் என்ற குறிகாட்டியில் அடுக்கடுக்காகப் புள்ளிகள் இருக்கின்றன. தூரம் சரியாகத் தெரிந்தால் இதில் பிரச்சினையே இல்லை. தெரியாவிட்டால்தான் வம்பு. 44 மீட்டரில் நிற்கும் மானை 40 என்று நினைத்து எய்தால், 81 மீட்டர் வேக அம்பு சுமார் 13 சென்டிமீட்டர் கீழே போகும். 104 மீட்டர் வேக அம்பு 8 சென்டிமீட்டர் கீழே போகும். ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் வேகம் பெருமளவு இந்த 5 சென்டிமீட்டருக்காகத்தான். அதையும் கையடக்க லேசர் தூரமானி ஒன்று வாங்கினால் ஈடுகட்டிவிடலாம்.

மானுக்குக் காது என்று ஒன்றும் இருக்கிறது. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எந்த வில்லின் அம்பும் தன் நாண் ஓசையை முந்த முடியாது. 30 மீட்டரில் மான் நிற்கிறது என்றால், ஓசை 0.09 வினாடியில் சேரும், 81 மீட்டர் வேக அம்பு 0.37 வினாடியில் சேரும். இடையே கால் வினாடிக்கு மேல் மானின் கையில் இருக்கிறது. வெருண்ட மான் துள்ளுவதற்கு முன் காலை மடக்கிக் கீழே தாழும். 0.15 வினாடி விழுந்தாலே 11 சென்டிமீட்டர். அமெரிக்க வெள்ளைவால் மான்களிடம் இது சகஜம். அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும், அல்லது மோசமான இடத்தில் தைத்துவிடும். 104 மீட்டர் அம்பானாலும் 0.2 வினாடி மானுக்கு மிச்சம் இருக்கிறது. அதனால்தான் விவரமுள்ள வேட்டைக்காரர்கள் வேகமான வில்லைவிட சத்தமில்லாத வில்லைத் தேடுகிறார்கள், 20, 25 மீட்டருக்குள் வந்தால்தான் எய்கிறார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வில்லோ துப்பாக்கியோ வேட்டைக்கு இடமில்லை. பிரிட்டனிலும் வில் வேட்டை குற்றம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கென்று மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியது, இன்று 50 மாநிலங்களிலும் உண்டு. மானுக்கு இத்தனை பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று பல மாநிலங்கள் விதி வைத்திருக்கின்றன, பெரும்பாலும் 35 அல்லது 40. எண்ணைப் பார்த்தால் குறைவாகத் தோன்றும். வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவில் 3,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கும், அம்பில் 90 ஜூல். ஆனால் அம்பு வேலை செய்யும் விதம் வேறு. தோட்டா அதிர்வால் சிதைக்கிறது, அம்பு முனையிலுள்ள பிளேடு வெட்டுகிறது. நுரையீரலை ஊடுருவி மறுபக்கம் வெளியே வந்தால் மான் சில வினாடிகளில் விழுந்துவிடும். பிளேடு மழுங்கியிருந்தால் 70 பவுண்டும் தண்டம்.

என்னை வில் கடைக்கு அழைத்துப்போன அந்த நண்பரோடு ஒரு நவம்பர் விடியலில் மரத்தில் கட்டிய பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். பல் கிட்டியது. ஆறரை மணிக்கு ஒரு கிடா மான் வந்தது, பதினெட்டு மீட்டர் இருக்கும். அவர் மெல்ல எழுந்து இழுத்தார். மானின் மார்பு எங்களை நேராகப் பார்த்தபடி இருந்தது. நெஞ்செலும்பில் பட்டால் அம்பு உள்ளே போகாது, விலாப் பக்கம் திரும்ப வேண்டும். அவர் நின்றார். நான் மனதுக்குள் எண்ணினேன், எழுபது வரை வந்தது. கை நடுங்கவில்லை. 60 பவுண்டு வில்லில் அந்த எழுபது வினாடியும் அவர் தாங்கியது 12 பவுண்டு மட்டுமே. மர வில்லானால் பத்து வினாடியில் விட்டிருப்பார், அல்லது மான் எப்படி நின்றாலும் சரி என்று எய்திருப்பார். லெட்-ஆஃபின் உண்மையான பயன் வேட்டையில் இதுதான்: எய்யாமல் இருக்க முடிகிறது. மான் திரும்பவே இல்லை. அவர் நாணை மெல்லத் திரும்பக் கொண்டுவந்தபோது லேசாக ஒரு உராய்வு கேட்டது, மான் காற்றாகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அவரிடம் சொல்லவில்லை.

போட்டியில் மானும் இல்லை, சந்தேகமான தூரமும் இல்லை. காம்பவுண்ட் போட்டி 50 மீட்டரில், 80 சென்டிமீட்டர் இலக்கில் நடக்கிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர், ஒரு பெரிய சாத்துக்குடி அளவு. 60 பவுண்டுக்கு மேல் அனுமதியில்லை. இங்கே வேகத்துக்குப் பெரிய வேலை கிடையாது, ஆடாமல் நிற்பதற்குத்தான் வேலை. அதனால் போட்டி வில்கள் நீளமானவை, அச்சுக்கு அச்சு 36 முதல் 40 அங்குலம். மரத்திலும் புதரிலும் ஒடுங்கி நிற்க வேண்டிய வேட்டை வில்கள் 28 முதல் 34. கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது நீளமான கழியை ஏந்துவதும், போட்டிக்காரர்கள் வில்லின் முன்னால் நீண்ட கம்பியை மாட்டுவதும் ஒரே இயற்பியல்: எடை நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக, பொருளைத் திருப்புவது கடினம்.

இந்த வகையில் இந்தியர்கள் கெட்டிக்காரர்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் காம்பவுண்டுக்கு இருந்த ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. விஜயவாடாவின் ஜோதி சுரேகா வென்னமுக்கும் மகாராஷ்டிரத்தின் ஓஜஸ் தேவ்தளேவுக்கும் ஆளுக்கு மூன்று தங்கம். அதே ஆண்டு பெர்லின் உலகப் போட்டியின் இறுதியில் ஓஜஸ் எய்த 15 அம்பும் பத்து, 150-க்கு 150. பெண்களில் உலகப் பட்டம் வென்ற அதிதி சுவாமிக்கு அப்போது 17 வயது. ஆனால் ஒலிம்பிக்ஸ் இந்த வில்லை உள்ளே விட்டதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில்தான் முதல்முறையாகக் கலப்பு அணிப் போட்டியாக வருகிறது. அண்ணன் மகள் மூங்கிலை விட்டு மாற ஆசைப்பட்டதற்கு இதுவும் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவள் அறைச் சுவரில் ஒட்டியிருப்பது ஜம்முவின் ஷீத்தல் தேவி படம். இரு கைகளும் இல்லாமல் பிறந்தவர். காலால் வில்லை ஏந்தி, தோளில் மாட்டிய ரிலீஸால் இழுத்து, தாடையால் விடுவிக்கிறார். பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கினார். அவர் உடலுக்கு ஏற்ப அமைத்த வில் அது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேம் ஒற்றையா இரட்டையா என்று கடைகளில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், தொடக்கக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. நாண் கைப்பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது முக்கியம். ஆறு அங்குலத்துக்குக் குறைந்தால் வேகம் வரும், பிழை மன்னிக்காது, முழங்கைக்குக் கீழே நாண் அடித்து நீலம் பாயும். அம்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்பைப் படுக்க வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அதன் எண் 500. எண் பெரிதானால் அம்பு வளையும், சிறிதானால் விறைப்பு. கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் உடனே ஒடித்துக் குப்பையில் போடுங்கள், நாணில் வைத்தால் கையில் ஏறும்.

கண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கடிகாரத்தைப் பார். ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். அண்ணன் மகளோடு வீடியோ அழைப்பில் இதைச் செய்து பார்த்தோம். வலக்கைக்காரியான அவளுக்கு இடது கண்! மூன்று மாதமாக மூங்கில் வில்லின் அம்புகள் ஏன் இடது பக்கமே ஒதுங்கின என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பழகலாம், சிலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். அவள் இடக்கை வில்லே வாங்கிக்கொள்கிறேன் என்றுவிட்டாள். "பீச்சாங்கைல பழகறதுக்கு இத்தன செலவா" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னது கேட்டது. அண்ணன் பார்த்துவைத்த பழைய வில் வலக்கைக்கானது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் கை விரிப்பு 60 அங்குலம், இரண்டரையால் வகுத்தால் 24. கால் தூக்கிய நாற்காலிச் சோதனையைப் பயிற்சியாளரிடம் இருந்த வில்லில் செய்ததில் 25 பவுண்டு ஒழுங்காக வந்தது. வளர்கிற பிள்ளை என்ற அண்ணனின் கவலைக்கும் வழி இருக்கிறது. சில தொடக்கநிலை வில்களின் கேமில் திருகைக் கழற்றி மாட்டினால் சுவரை 13 அங்குலத்திலிருந்து 30 வரை நகர்த்தலாம், விசையையும் கூட்டலாம். எல்லா அளவுக்கும் பொருந்துகிற கேம் எந்த அளவிலும் உச்சமாக இருக்காது, வேகம் கொஞ்சம் குறையும். 24 அங்குலக்காரிக்கு அதைப் பற்றி என்ன?

போன வாரம் வில் வந்தது. நான் ஈரோடு போயிருந்தேன். மொட்டைமாடியில் அவள் அதை இடது கையால் இழுத்துக் காட்டினாள், நாண் உதட்டோரம் வந்து நின்றது, முழங்கை அம்புக்கு நேர்கோட்டில். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "குடு பாக்கலாம்" என்று வாங்கி இழுத்தார். நாண் அவர் மூக்குக்கு நாலைந்து அங்குலம் முன்னாலேயே சுவரில் முட்டி நின்றது. இன்னும் வரும் என்று பலமாக இழுத்தார், வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று என் பக்கம் திரும்பினார், விரல் ட்ரிகருக்குப் பக்கத்தில்.

"அப்பா, விட்டுடாதீங்க! அம்பு இல்ல!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவர் எட்டிப் பார்த்தார். அண்ணன் விரலை எடுத்துக்கொண்டு மெதுவாக நாணை முன்னால் விட்டார். பள்ளம் முடிந்து மேடு தொடங்கும் இடம் இந்தப் பக்கத்திலிருந்து வரும்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஐந்து பவுண்டாக இருந்தது ஒரே நொடியில் இருபத்தைந்தாகி, அவர் கையை வெடுக்கென்று முன்னால் இழுத்தது. தோளைத் தேய்த்துக்கொண்டே வில்லை மகளிடம் நீட்டினார்.